மாம்பழக் கலர், அரக்கு பார்டர்

எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. என் கணவர் எதையும் பார்த்து வாங்குகிறவர். மோட்டாரின் வேகம், ஜாரின் கனம், பிளேடின் சரிவு, பழுதானால் எந்தத் தெருவில் யார் பார்ப்பார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அலுவலகத்தில் நாலு பேரிடம் கேட்டார். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னதால் ஐந்தாவது ஆளைத் தேடினார். கடைசியில் ஒன்றை முடிவு செய்து கடைக்குப் போனபோது அந்த மாடலே இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை நான் எதிர்வீட்டு மிக்ஸியில்தான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வீடு மாற்றிக்கொண்டு போனதற்கு நான்தான் காரணமோ என்று இன்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"என்ன அவசரம்? பாத்து வாங்கலாம்." இந்த வாக்கியத்தைப் பெயர்ப்பலகைக்குப் பதிலாக எங்கள் வாசலில் மாட்டிவிடலாம். கோபமாகச் சொல்ல மாட்டார். காலையில் ஸ்ருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மணி நேரம் பாடி முடித்த பிறகு வருகிற அந்தக் குளிர்ந்த குரலில் அன்பாகச் சொல்வார். அன்பாகச் சொல்வதுதான் ஆபத்து. அந்தக் குளிர்ச்சியில் எந்த ஆசையை வைத்தாலும் கொத்தமல்லிக்கட்டு மாதிரி நாலு நாளில் வதங்கிவிடும்.

என் ஆசைகளுக்கோ ஆயுசு கம்மி. லாஃப்டில் ஏறிப் பார்த்தால் தெரியும். பாதி பின்னிய ஸ்வெட்டர் (மயிலாப்பூரில், ஸ்வெட்டர்!), ஒரே ஒரு தடவை நனைந்த நீச்சல் கண்ணாடி, காய்ந்து கல்லாகிப்போன களிமண் பொட்டலம். எனக்கு ஆசை வருவது இந்த ஊர் மழை மாதிரி. வருகிற வேகத்தில் தெருவே மிதக்கும். மறுநாள் வெயிலில் செருப்பு ஒட்டுகிற சேறு மட்டும் மிச்சம்.

ஆகவே, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் எனக்கு எலக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்று தோன்றியபோது, நான் செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம் அவரிடம் சொல்லாமல் இருந்ததுதான். சூடு ஆறுவதற்குள், என் கையாலேயே, எனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் இதுவும் லாஃப்டுக்குப் போய்விடும், அதுவும் வாங்குவதற்கு முன்பே.

தோன்றியது அடையாறில். பல்லைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். வாயில் பாதி மரத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கம் ஏதோ ஒரு இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கிட்டார் சத்தம் வந்தது. பாட்டு இல்லை, ஒரே ஒரு ஸ்வரம். யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள். அது வளைந்தது, இன்னும் வளைந்தது, இதோ அறுந்துவிடப்போகிறது என்று நான் பயந்த இடத்தில் அறுந்துபோகாமல் கத்தியது. இந்த வளைவு எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் காலையில் இதே வளைவுதான் கேட்கும். ஆனால் அதெல்லாம் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து வளைகிற வளைவு. இது தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே குதித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி முகம்தான் சிரித்தது. மீதிப் பாதி அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் சிரித்தது. "என்ன, தானா சிரிக்கறே?" என்றார் கணவர். "மருந்து" என்றேன்.

தனியாகக் கடைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. கூட்டுக்கு மன்னியைப் பிடித்தேன். மன்னி என் அண்ணாவின் மனைவி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள் விரலால் நிரடிப் பார்க்காத பட்டு எந்தப் பெண்ணின் தோளிலும் ஏறியதில்லை. அவளோடு தி. நகர் போனால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். மரியாதையும் உண்டு, பயமும் உண்டு.

"எலக்ட்ரிக் கிட்டாரா? ஷாக் அடிக்காதோ?"

"அடிக்காது மன்னி."

"அப்புறம் அதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, "எப்போ போறோம்?" என்றாள்.

வீட்டில், உறவில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறோம் என்று சொன்னோம். கல்யாணம் நிஜம். புடவைதான் பொய். உலகத்தில் என் கணவர் விசாரிக்காமல் விட்டுவிடுகிற ஒரே பொருள் புடவை. மன்னி போகிறாள் என்றால் அவருக்கு அது தீர்ந்துபோன விஷயம்.

கடை பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் ஏ.சி. காற்று. சுவர் முழுக்கக் கிட்டார்கள் கழுத்தில் தொங்கின. மன்னி வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். அவள் கழற்றியதும் நானும் கழற்றினேன்.

கடையில் நின்ற விற்பனையாளனுக்குக் கறுப்பு பனியன், பின்னால் ரப்பர் பாண்டு போட்ட குடுமி, காதில் வளையம். "செருப்பு போட்டுக்கினே வரலாம் ஆன்ட்டி."

"எப்படிப்பா வரது? வாத்தியம் இருக்கே" என்றாள் மன்னி.

அவன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். அங்கே மண்டையோடு வரைந்த ஒரு கறுப்புக் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"யாருக்கு ஆன்ட்டி? பையனுக்கா?"

மன்னி ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டினாள். "இவளுக்கு."

"சூப்பர் ஆன்ட்டி" என்றான், இன்னும் நம்பாமல்.

நான் சுவரில் மஞ்சளாக இருந்த ஒன்றைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தான். மன்னி அதை வாங்கி, தேங்காயைத் தட்டுகிற மாதிரி விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துப் பார்த்தாள். "ஏம்ப்பா, உள்ளே ஒண்ணுமே இல்லையே. வெறும் கட்டை."

"அதுக்கு ஆம்ப் வேணும் ஆன்ட்டி. சவுண்டு அதுலேந்துதான் வரும்."

"அது சேர்ந்து வராதோ?"

"தனியா வாங்கணும்."

மன்னி என்னைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க ஜவுளிக்கடைகளில் கேட்டுப் பழகிய குரலில், "ப்ளவுஸ் பிட்டே கிடையாதாம்டீ" என்றாள்.

பிறகு மன்னி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். சுவரில் இருப்பதெல்லாம் வேண்டாம், உள்ளே நல்லதா எடுத்து வெச்சிருப்பேளே அதைக் காட்டு என்றாள். உள்ளேயும் இதேதான் இருக்கிறது என்று அவன் சத்தியம் செய்தான். இது வேற கலர்ல இருக்கா, இதே கலர்ல இன்னும் கொஞ்சம் டார்க்கா, இந்த ஓரம் அந்த உடம்புக்கு வருமா? கொஞ்ச நேரத்தில் சோபா மேல், ஆம்ப் மேல், தரையில் எல்லாம் கிட்டார்கள் பிரித்துப் போட்ட புடவைகளாகக் கிடந்தன. ஒன்றை அவள் வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், வெயிலில் சாய்த்து, சிவப்பு நிஜச் சிவப்பா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

விற்பனையாளன் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் காட்டினான். அங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது. அவன் எதை எடுத்தாலும் ஒரே மாதிரி விரல் பறந்தது. ஆடிக் காற்றில் தகரக் கூரை மாதிரி ஒரு படபடப்பு, நடுவில் ஒரு ஊளை, கடைசியில் தலையை ஆட்டி ஒரு வெட்டு. எல்லாமே பிரமாதம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் கையில் எல்லாக் கிட்டாரும் நல்ல கிட்டார். தெரியாதவள் எதை வைத்து எடுப்பது?

"நீங்க ட்ரை பண்ணுங்க ஆன்ட்டி" என்று ஒன்றின் பட்டையை என் தோளில் மாட்டிவிட்டான். பட்டை புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. கிட்டார் என் இடுப்பில் எங்கோ போய் இடித்துக்கொண்டு நின்றது. அவன் கையைக் கட்டிக்கொண்டு என் விரலைப் பார்த்தான். மன்னியும் பார்த்தாள். சுவரில் இருந்த மண்டையோடும் பார்த்தது. கட்டை விரலைக் கம்பி வரைக்கும் கொண்டு போனேன். அதற்கு மேல் போகவில்லை. சின்ன வயசில் பாட்டு க்ளாஸில், எல்லாரும் பாடிய பிறகு தனியாகப் பாடச் சொன்னால் வருமே, தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளுமே, அதே கதவு.

மன்னிக்குப் புரிந்துவிட்டது. "ஏம்ப்பா, நீ போய் ஒரு டீ சாப்ட்டுட்டு வா."

"நான் போனா மொதலாளி திட்டுவாரு ஆன்ட்டி. கேமரா கீது."

"அப்போ திரும்பி நின்னுக்கோ."

அவன் ஆறடி உயரம். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

நான் பட்டையைக் கழற்றினேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக மடங்கியது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்து இசை என்பதே உட்கார்ந்து செய்கிற காரியம். நின்றுகொண்டு செய்வது சமையல்.

உட்கார்ந்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டது. மன்னி ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள். அம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த சிவப்பு, தொடையில் குத்தியது. மண்டையோட்டுக்குத் தலைக்கனம், கையை விட்டால் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்தது. வெள்ளை வழுக்கியது. வெள்ளைக்காரத் துரைசானி மாதிரி என் மடியில் உட்கார அதற்கு இஷ்டமில்லை.

நாலாவதாக வந்தது, சுவரிலிருந்து நான் முதலில் கேட்ட அதே மாம்பழ மஞ்சள். நடுவில் பழுத்து, ஓரத்துக்குப் போகப் போகச் சிவந்து, விளிம்பில் அரக்காகிவிட்ட நிறம். மடியில் வைத்ததும் அதன் இடுப்பு வளைவு என் தொடைமேல் சரியாக உட்கார்ந்தது. கையை எடுத்தேன். சாயவில்லை. மறுபடி எடுத்தேன். நான் அங்கே இருக்கிறேன் என்பதுகூட அதற்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மேல் விளிம்பில் ஒரு கீறல். கீறலைச் சுற்றி வார்னிஷ் தேய்ந்து, விரல் நுனி அளவுக்கு மரம் தெரிந்தது. கடைக்கு வந்தவர் போனவரெல்லாம் வாசித்துப் பார்த்து, கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம். என் கட்டை விரல் அங்கே போய் நின்றது. வெளியூர் பஸ்ஸில் யாரோ எழுந்து போன இருக்கையின் சூடு மாதிரி இருந்தது.

தடித்த கம்பியைத் தட்டினேன்.

சத்தம் ஆம்பிலிருந்து வரும் என்று சொன்னானே, பொய். அது தரையிலிருந்து வந்தது. முட்டி வழியே ஏறி, வயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, பிடுங்கின பல் இருந்த குழி வரைக்கும் வந்தது. கீழே பாத்திரக் கடையில் ஏதோ ஒரு அண்டா பதில் சொன்ன மாதிரிகூட எனக்குக் கேட்டது. நான் மறுபடி தட்டினேன். மறுபடி. தொண்டைக் கதவு எப்போது திறந்தது என்று தெரியவில்லை.

அப்போது ஆம்ப் திடீரென்று டட்-டட்-டட் என்று துப்பியது. "போன் வருது ஆன்ட்டி, பக்கத்துல வெச்சா அப்டித்தான்" என்றது சுவரைப் பார்த்த குடுமி. கைப்பையில் போன். கணவர்.

எடுத்தேன். "எங்கே இருக்கே? அது என்ன சத்தம்?"

"புடவைக் கடை. ஜெனரேட்டர்." மன்னி போனைப் பிடுங்கினாள். அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"எடுத்தாச்சு, அருமையா அமைஞ்சுடுத்து" என்றாள். பொய் சொல்லக் கண் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. அவள் கண் என் மடிக்கு வந்தது. "மாம்பழக் கலர். பார்டர் அரக்கு. ஓரத்துக்குப் போகப் போக அப்படியே கலந்து வந்திருக்கு. கெட்டியா இருக்கு. கனம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"சாயம் போகாதே?"

மன்னி குடுமியைப் பார்த்தாள். குடுமி திரும்பாமலே தலையை ஆட்டியது. "போகாதாம்."

"என்ன அவசரம்? நாலு கடை ஏறி இறங்கிப் பாத்து வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"இதுதான்" என்றேன். எழுந்திருக்க மனமில்லை. இவ்வளவு நாள் வாழ்க்கையில் ஒரு பொருளை யாரையும் கேட்காமல் கையைக் காட்டி இதுதான் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்து நடந்ததை எங்கள் தெருக்காரர்களால் மட்டும்தான் புரிந்துகொள்ள முடியும். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெட்டிக்கடையில் பேப்பர் வாங்கினால் மேலே இருக்கிறதை விட்டு அடியில் இருந்து உருவுவோம். பாலும் பிரட்டும் பின் வரிசையிலிருந்து எடுப்போம். யாரோ தொட்டது வேண்டாம். அதற்குக் காரணம் ஒன்றும் கிடையாது. கை அப்படித்தான் போகும். மன்னி பில் போடச் சொல்லிவிட்டு, மூச்சு விடுகிற மாதிரி, "டிஸ்ப்ளேல இருக்கறது வேண்டாம்ப்பா. இதே நம்பர்ல உள்ளேர்ந்து பிரிக்காத பீஸா கொடு" என்றாள்.

நானும், ஆம், நானும் தலையை ஆட்டினேன்.

குடுமி உள்ளே போய்ச் சீல் உடைக்காத அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே, சுருண்டு படுத்த தெருநாய் சைஸில் ஒரு சின்ன ஆம்ப். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஆட்டோவில் பெட்டி குறுக்கே வழிமறித்தது.

"இன்னாம்மா உள்ள, ஸ்டாண்டு ஃபேனா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கிட்டார். கரண்ட்ல ஓடறது" என்றாள் மன்னி, கர்வமாக.

ஆழ்வார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது. மன்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ட்யூப்லைட்டில் பார்த்த கலர், வெயிலில் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றாள். நகத்தால் டேப்பைக் கிழித்தாள். உள்ளே பளபளவென்று, பிளாஸ்டிக் உறையோடு, அதே மாம்பழம், அதே அரக்கு. "பாரு, வெயில்ல இன்னும் தூக்கறது!" என்றாள்.

நான் ஆட்டோ சீட்டிலேயே காலை மடக்கிக்கொண்டு அதை மடியில் வைத்தேன். உட்கார்ந்தது. நன்றாகவே உட்கார்ந்தது. ஆனால் கட்டை விரல் மேல் விளிம்புக்குப் போய்த் தேடியது. வழுவழுவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடியது. அங்கேயும் வழுவழுப்பு. இருட்டில் சொந்த வீட்டு ஸ்விட்சுக்குக் கையை நீட்டினால் அந்த இடத்தில் வெறும் சுவர் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"மன்னி, இது அது இல்லை."

"அதே நம்பர்தான்டீ. நான் பாத்தேனே."

"அதே நம்பர்தான். ஆனா அது இல்லை. அதுல ஒரு கீறல் இருந்தது."

"கீறல் இருந்ததாலதானே வேண்டாம்னேன்? ஊர்ல இருக்கறவா எல்லாரும் தொட்டது."

"அதான் மன்னி வேணும்."

மன்னி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் ராஜ்ஜியத்தில் இப்படி ஒரு வாக்கியம் இதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. எனக்கு அவளை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை; என் கல்யாணப் புடவையே அவள் எடுத்ததுதான், நான் கேட்டது வேறு. அந்த வேறு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது, மயில் கழுத்து நிறத்தில். இந்தப் பெட்டியோடு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாதம் வாசிப்பேன். விரல் தேடிக்கொண்டே இருக்கும். பிறகு ஸ்வெட்டருக்கும் களிமண்ணுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது.

சிக்னல் பச்சை விழுந்தது.

"வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

"இன்னாம்மா நீ, இப்பதான சிக்னல் உட்டான்! யூ டர்ன் எங்க கீது தெரியுமா?"

"எங்க இருந்தாலும் திருப்புங்க."

திரும்பி வந்து மாடி ஏறினோம். செருப்பைக் கழற்றும்போதே என் கண் உள்ளே ஓடியது. சுவரில் அது தொங்க வேண்டிய கொக்கி காலி.

மாம்பழம் ஒரு கல்லூரிப் பெண்ணின் தோளில் மாட்டியிருந்தது. நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, குடுமியைவிட நன்றாக வாசித்தாள். பக்கத்தில் கழுத்து நிறையத் தங்கமாக அவள் அம்மா, இன்னும் எவ்வளவு நேரம் என்ற முகத்தோடு சோபாவில். பேச்சில் திருநெல்வேலி.

"அம்மா, இதே எடுத்துக்கிடுதேம்மா. சவுண்டு நல்லாருக்கு."

என் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. மன்னிக்குத் தெரிந்தது. அவள் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள், சோபாவில் இருந்த அம்மாவைப் பார்த்தாள், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவளிடம் போய் உட்கார்ந்தாள்.

"பொண்ணு ஜோரா வாசிக்கறா. ஆனா அது டிஸ்ப்ளே பீஸாச்சே?"

"என்னக்கா சொல்லுதிய?"

"மேலே பாருங்கோ, கீறல். வரவா போறவா எல்லாரும் தொட்டது. உள்ளேர்ந்து புதுசு கேட்டு வாங்குங்கோ. இதோ, இதே நம்பர், இப்போதான் பிரிச்சது, ஒருத்தர் கை படலை." இரண்டு பேர் கை பட்டிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அம்மா எழுந்துவிட்டாள். "ஏட்டி, கழத்து அத. அக்கா சொல்லுதது சரிதான். பழச எதுக்குச் சொமக்கணும்?"

பெண் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை தூரம் திரும்பி வந்தது என் கையால் எடுக்க. அதற்காக இன்னொருத்தி கையில் இருந்ததை எடுக்கிறேன். அவள் தோளில் பட்டை இன்னும் இருந்தது. பரவாயில்லம்மா, நீயே எடுத்துக்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை.

குடுமி புதுசை ஆம்பில் சொருகிக் கொடுத்தான். அவள் முறைத்துக்கொண்டே ஒரு வெட்டு வெட்டினாள். இன்னொன்று. மூன்றாவது இழுப்பில் முகம் மாறியது. "இதுவும் செமயா இருக்கும்மா!" என்றாள். மாம்பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாக் கிட்டாரும் நல்ல கிட்டார் என்று சொன்னேன் அல்லவா.

"ஆன்ட்டி, அது டெமோ பீஸு. நெஜமாவா அது வேணும்?" என்று குடுமி என்னிடம் ரகசியமாகக் கேட்டான்.

"நிஜமா."

"அப்போ கீறலுக்கு என்ன தரே?" என்றாள் மன்னி. தோல்வியிலும் அவள் கை சும்மா இருக்காது. ஒரு பை, ஒரு பட்டை, கை நிறைய மீட்டுகிற வில்லைகள், இத்தனையும் கறந்துகொண்டுதான் படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மாம்பழக் கலர் எங்கே? காட்டு" என்றார் ஆசையாக.

ஜிப்பை இழுத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் மன்னியைப் பார்த்தார்.

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் உண்டா?" என்றாள் மன்னி. "மாம்பழம். அரக்கு. கனம். சாயமும் போகாது. நான் போய் காபி போடறேன்." சமையலறைக்குள் போய், அரை டம்ளர் தண்ணீருக்குக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து, திருகாணிகளைப் பார்த்தார், கம்பிகளைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். விரல் மேல் விளிம்புக்கு வந்து நின்றது.

"கீறல் இருக்கே. யாரோ நன்னா தேய்ச்சிருக்கா. பாத்து வாங்கக் கூடாதோ?"

"பாத்துத்தான் வாங்கினேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, மிக்ஸி நாட்கள் முழுவதும் நான் பார்க்காத ஒரு காரியம் செய்தார்: மேலே விசாரிக்காமல் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல ஸ்ருதிப்பெட்டி ஆரம்பித்தது. ஒரு கட்டை ஸ்ருதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஸாவைப் பிடித்தார். நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஜமக்காளத்தின் மறுகோடியில் சம்மணம் போட்டேன். ஆம்பை ஒரு முணுமுணுப்பு அளவுக்கு வைத்தேன். குடுமி கடையிலேயே கம்பிகளைச் சேர்த்துக் கொடுத்திருந்தான். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்து, கீழிருந்து இரண்டாவது கம்பிக்கு வந்தபோது அவர் நெற்றி சுருங்கியது.

மறுபடி தட்டினேன். மறுபடி சுருங்கியது.

கிட்டார்க்காரர்கள் கணக்கில் அந்தக் கம்பி சரியாகத்தான் இருந்தது. எங்கள் கூடத்துக் கணக்கில் அது நிஷாதம். ஸாவுக்கு அரைப் படி கீழே, வாசல் வரைக்கும் வந்து, கோலத்தை மிதிக்காமல், மணியும் அடிக்காமல் நிற்கிற ஸ்வரம். பின்னால் ஸ்ருதிப்பெட்டி ஸா, ஸா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, இது உள்ளே வருவேனா என்றது. அவர் பாட்டு நின்றது. கண் திறக்கவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் மெதுவாக மேலே எழுந்தது. ஏத்து, ஏத்து.

முதல் கட்டத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினால் போதும், ஸா வந்துவிடும். அதை முந்தின நாள் சாயங்காலமே கண்டுபிடித்து வைத்திருந்தேன். விரல் அங்கேதான் இருந்தது, கம்பிக்கு மேலே, படாமல். கட்டை விரல் தேய்ந்த இடத்தில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

மறுபடி நிஷாதத்தைத் தட்டினேன். அது நின்று, நீண்டு, கூடம் முழுக்கத் தவித்தது.

"ஸாவுக்கு வந்துடேன்டீ!" என்றார், கண்ணை மூடிக்கொண்டே, கெஞ்சலாக.

"என்ன அவசரம்?" என்றேன்.